ஏணியைப் பிடித்தவர்

அந்தப் பள்ளிக்கூடம் செயலாளருக்கு இழைத்த அநீதிகளை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். வரிசை மாறினால் கோபம் எப்படி வளர்ந்தது என்பது விளங்காது. விளங்காத கோபத்துக்கு இந்த உலகம் கிறுக்கு என்று பெயர் வைத்துவிடும்.

முதலாவது: பிள்ளைகளை அழைத்துப்போக வாசலில் காத்து நிற்கும் பெற்றோர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க ஒரு கூரை வேண்டும் என்று மனுக் கொடுத்தார். பதில் வரவில்லை.

இரண்டாவது: நினைவூட்டு மனுக் கொடுத்தார். பதில் வந்தது. 'தங்கள் கடிதம் கிடைத்தது' என்று ஒரே வரி. அதற்கு மேலே 'அன்புள்ள அம்மா' என்று போட்டிருந்தது.

மூன்றாவது: ஆண்டு விழா நாடகத்தில் மூத்த மகளுக்கு மரம் வேடம் கொடுத்தார்கள். அதுவும் மூன்றாவது மரம். "எனக்கு வசனமே இல்லப்பா, ஜாலி" என்றாள் அவள். வசனம் இல்லாததை ஜாலி என்று நினைக்கும்படி ஒரு தலைமுறையைப் பழக்குகிறார்களே என்று அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நான்காவது: பெரியவனானதும் என்ன செய்வாய் என்ற கட்டுரையில் இளைய மகன் 'வேலைநிறுத்தம் செய்வேன்' என்று எழுதினான். ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஓரத்தில் 'முதலில் வேலை?' என்று கேட்டிருந்தார்.

ஐந்தாவது, மன்னிக்கவே முடியாதது: பெற்றோர் கூட்டத்தில் பேச எழுந்தார். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றார் தலைமையாசிரியை. செயலாளருக்கு இரண்டு நிமிடம் என்பது தொண்டையைச் செருமிக்கொள்ளும் நேரம். "உலகெங்கும் உள்ள பெற்றோர்களே!" என்று தொடங்கி, உலகத்திலிருந்து கிளம்பி வாசல் கூரைக்கு வந்து சேர்வதற்குள் அந்த அம்மாள் மேசை மணியைத் தட்டிவிட்டார். டிங். போலீஸ் தடியடிக்கும் நிற்காத பேச்சு, கட்டைவிரல் பருமன் மணிக்கு நின்றது.

செயலாளர் என்றால் எதற்குச் செயலாளர் என்று இப்போது யாரும் கேட்பதில்லை. ஒரு காலத்தில் பேருந்துப் பணிமனைத் தொழிலாளர் சங்கத்துக்கு. பணிமனையை மூடினார்கள், சங்கம் கலைந்தது, கொடிக்கம்பத்தில் யாரோ கேபிள் கட்டிக்கொண்டார்கள். பட்டம் மட்டும் அவர் மேல் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. பால்காரர்கூட "செயலாளரே, பாத்திரம்" என்றுதான் கூப்பிடுவார். பிற்பகலில் ஓர் அச்சகத்துக்குப் போய் இயந்திரம் ஓட்டுகிறார். காலைப் பொழுது முழுக்க அவருடையது. அதுதான் வினையாயிற்று.

மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். மூக்கு நுனியில் கண்ணாடியோடு, டாக்டர்கள் கோழி கிளறியதுபோல் கிறுக்கி அனுப்பும் சீட்டுகளைப் படித்து மருந்து எடுத்துக் கொடுப்பாள். வீட்டிலும் அவளுக்கு அதே முறைதான். எந்தக் கசப்பான விஷயத்தையும் சாப்பாட்டுக்குப் பிறகே கொடுப்பாள்.

செயலாளர் வந்து நின்ற வேகத்தைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துலேர்ந்து நிறுத்தியாச்சு."

"எதுக்கு?"

"அநீதி அஞ்சு."

"அஞ்சுல பசங்களுக்கு நடந்தது எத்தனை?"

"இது கணக்குப் பாக்குற நேரமில்ல. இனிமே வீட்டுலதான் படிப்பு."

"யாரு சொல்லித் தருவா?"

"நான்."

"கணக்கு?"

"நான்."

"விஞ்ஞானம்?"

"நான்தான்."

"ஓவியம்?"

"பேனர்ல எத்தனை முஷ்டி வரைஞ்சிருக்கேன், தெரியுமா உனக்கு?"

"முஷ்டியைத் தவிர?"

"முஷ்டி வந்துட்டா மத்ததெல்லாம் தானா வரும்."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "சட்டம் ஒத்துக்குமா?"

"ஒத்துக்கும். கல்வி அலுவலகத்துல சொல்லிட்டு வீட்டுலயே படிக்க வைக்கலாம். அலுவலர் ஒருத்தர் நடுவுல வந்து பாப்பார்."

"பாத்துட்டு?"

"அசந்து போயிடுவார்."

"சரிங்க. பசங்களை விடுவிக்கிறதுக்குப் பள்ளிக்கூடத்துல ஒரு காகிதம் தருவாங்களே, அதுல கையெழுத்து?"

செயலாளர் நிமிர்ந்தார். "அந்தப் பள்ளியோட எந்தக் காகிதத்துலயும் இனி என் கையெழுத்து விழாது. இது சபதம். நீயே போடு."

அவருடைய வாழ்க்கையில் இது இரண்டாவது சபதம். முதல் சபதத்தையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

பணிமனையில் அந்தப் பெரிய வேலைநிறுத்தம் நடந்தபோது வாசலில் எல்லோரும் கைகோத்து நின்றார்கள். ஒரே ஒருவர் மட்டும் பின்சுவரில் ஏணி வைத்து, ஜன்னல் வழியாக உள்ளே இறங்கி, நிர்வாகத்துக்கு வேலை பார்த்தார். அன்றிலிருந்து அவருக்கு ஜன்னல் என்றே பெயர். பின்னால் மெத்தைக்கடை வைத்துச் செழித்து, வந்து வந்து செயலாளரின் பக்கத்து வீட்டிலேயே குடியேறினார். வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் வரலாறு பார்ப்பதில்லை.

ஏணியில் ஏறியவரை ஊருக்கே தெரியும். ஆனால் ஏணி தானாக நிற்காது. கீழே நின்று பிடித்தவன் யார்? அது மட்டும் வெளியே வரவேயில்லை. "ஏறினவனைக்கூட மன்னிச்சுடலாம், பிடிச்சவனை மன்னிக்கவே கூடாது. அவன் பேரை ஒருநாள் சாட்சிகள் முன்னால வாசிக்காம விடமாட்டேன்" என்பது முதல் சபதம். சபதம் எடுத்த அன்று அவர் தலையில் ஒரு நரைகூட இல்லை.

வீட்டுப் பள்ளி திங்கட்கிழமை திறந்தது. பாட அட்டவணையைச் செயலாளரே அச்சுக்கோத்து, மிச்சம் கிடந்த ரோஸ் காகிதத்தில் நூறு பிரதி அடித்துக்கொண்டு வந்தார்.

"வீட்டுல இருக்குறது நாலு பேர். நூறு எதுக்குங்க?"

"நூறுக்குக் கம்மியா அடிச்சா அது துண்டுப்பிரசுரமே இல்ல."

மிச்சம் அலமாரித் தட்டுகளில் விரிப்பாயிற்று. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எந்தப் பாத்திரத்தை எடுத்தாலும் அடியில் 'முதல் பாடவேளை: எட்டு மணி நேர வேலை நாள் வந்த வரலாறு' என்று இருந்தது.

வரலாறு நன்றாகவே நடந்தது. செயலாளர் ஒருவரே இருதரப்பாகவும் பேசி, முதலாளி குரலுக்கு நாற்காலியில் உட்கார்ந்தும் தொழிலாளி குரலுக்கு எழுந்து நின்றும் நடித்துக் காட்ட, பிள்ளைகள் கண் இமைக்காமல் பார்த்தார்கள். கணக்கில்தான் தடங்கல். இளையவனுக்கு ஏழாம் வாய்ப்பாடு வரவில்லை. ஆனால் கோரிக்கை வைக்க வந்துவிட்டது.

"அப்பா, கோரிக்கை ஒண்ணு: ஒரு இடைவேளை வேணும்."

"மறுக்கப்படுகிறது."

"அப்ப கோரிக்கை ரெண்டு: ரெண்டு இடைவேளை வேணும். நீங்க ஒண்ணுக்கு இறங்கி வரலாம்."

செயலாளருக்குப் பெருமை தாங்கவில்லை. அவனைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி, இடைவேளையும் கொடுத்துவிட்டார். அன்றைக்கு ஏழாம் வாய்ப்பாடு ஏழு மூன்று இருபத்தொன்றோடு கதவடைப்பு ஆனது.

பெரியவள் கதை வேறு. அவள் கேள்வி கேட்பவள். அம்மாவின் கடையிலிருந்து லிட்மஸ் தாள்கள் கொஞ்சம் வாங்கிவந்து, எலுமிச்சைச் சாற்றில் ஒன்றை நனைத்துக் காட்டினாள்.

"நீலமா இருந்துச்சு, சிவப்பாயிடுச்சு பாருங்கப்பா. ஏன்?"

செயலாளர் தாளைப் பார்த்தார். அவருக்குப் பிடித்த நிறம். "அமிலம் அதை ஒடுக்குது. ஒடுக்கப்பட்டது சிவக்கும். இயற்கையே நமக்குச் சொல்லுது பாரு."

"ஆனா சோப்புத் தண்ணியில போட்டா மறுபடி நீலமாயிடுதே?"

செயலாளர் தாளை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"அது துரோகம்," என்றார்.

பெரியவள் அப்பாவையே பார்த்தாள். சிரிக்கவில்லை. "சரிப்பா" என்று தாளைக் காயவைத்தாள். அந்த 'சரிப்பா' அவருக்கு எங்கேயோ குத்தியது. அச்சகத்துக்குப் போகும் வழியில் நூலகத்தில் நுழைந்து விஞ்ஞானப் புத்தகம் ஒன்றை எடுத்துப் புரட்டினார். புத்தகம் நியாயமாகத்தான் சொன்னது. ஆனால் எந்தப் பக்கம் சொன்னதையும் மறுநாள் காலை மகளிடம் சொல்ல வரும்போது, அது அவர் வாயில் மேடைப் பேச்சாக மாறிவிட்டது. அவர் தொண்டை அப்படிப் பழகியிருந்தது.

இன்னொன்றும் கவனித்தார். இரண்டு தெரு தள்ளியிருந்த பள்ளியின் மணி வீடு வரைக்கும் கேட்கும். ஒவ்வொரு மணிக்கும் பெரியவளின் உதடு மெல்ல அசையும். ஒருநாள் அருகில் போய்க் காது கொடுத்தார்.

"இப்ப ஆய்வகம்," என்றாள் அவள், தனக்குத்தானே.

அடுத்த பருவத்திலிருந்துதான் அவள் வகுப்புக்கு ஆய்வகம் என்பது அவருக்குத் தெரியும். இப்போது மேல்வகுப்புப் பிள்ளைகள் போகிற நேரம். அவள் அவர்களுக்காக ஆசைப்பட்டுக்கொண்டிருந்தாள். செயலாளர் ஜன்னல் கதவைச் சாத்தினார். காற்று வரவில்லை என்று அவரே மறுபடி திறந்தார். தப்புப் பண்ணிவிட்டோம் என்று ஒரு எண்ணம் தலைகாட்டியது. அதைச் சபை விதிப்படி விவாதத்துக்கே எடுத்துக்கொள்ளவில்லை. பின்வாங்கி அவருக்குப் பழக்கமில்லை. எப்படிப் பின்வாங்குவது என்று எந்தத் துண்டுப்பிரசுரத்திலும் போட்டிருக்கவும் இல்லை.

கல்வி அலுவலர் வந்தார். மெலிந்த மனிதர், கையில் தோல்பை, சட்டைப் பையில் இரண்டு பேனா. வந்ததும் செயலாளர் அவருக்கு ஒரு ரோஸ் காகிதம் கொடுத்தார்.

"பாட அட்டவணை," என்றார்.

அலுவலர் படித்தார். புருவம் ஒரு வரிக்கு ஒருமுறை உயர்ந்து, கடைசி வரியில் தங்கிவிட்டது. இளையவனைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஏழு எட்டு எவ்வளவு?"

இளையவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். "நீங்க எவ்வளவு சொல்றீங்க?"

"நான் கேக்குறேன், நீ சொல்லணும்."

"ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவுல சார். மிச்சம் பேச்சுவார்த்தைக்கு உட்பட்டது."

செயலாளருக்கு ஒரு பக்கம் வெட்கமாக இருந்தது. இன்னொரு பக்கம் கண் கலங்கியது. அலுவலர் பெரியவள் பக்கம் திரும்பினார். மேசை மேல் காய்ந்துகொண்டிருந்த தாள்களைப் பார்த்து, "லிட்மஸா? காரத்துல போட்டா மறுபடி நீலமாகுதே, ஏன்னு தெரியுமா?" என்றார்.

பெரியவளுக்குத் தெரியும். அவள் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் ஓரக்கண்ணால் அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுல ரெண்டு கருத்து இருக்கு சார்," என்றாள்.

அலுவலர் தோல்பையை மூடினார். குரல் கடுமையாக இல்லை. அதுதான் மோசம். "ஐயா, பிள்ளைங்க புத்திசாலிங்க. அதனாலதான் சொல்றேன். அடுத்த பருவம் தொடங்குறதுக்கு முன்னால மறுபடி வருவேன். இதே நிலைமைன்னா பள்ளியில சேர்க்கச் சொல்லி உத்தரவு போட வேண்டி வரும்."

"உத்தரவா?" செயலாளருக்கு உயிர் வந்தது. "போடுங்க. எதிர்த்து வழக்குப் போடுறேன். கீழ் மன்றம், மேல் மன்றம், அதுக்கும் மேல. ஒரு தலைமுறை ஆனாலும் விடமாட்டேன்!"

"அதுக்குள்ள எனக்குக் கல்யாணமே ஆயிடும்பா," என்றாள் பெரியவள் மெதுவாக.

மனைவி கதவோரம் நின்று இதையெல்லாம் கேட்டாள். துவைத்த துணிகளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். அங்கே குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஜன்னலின் மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கணவன்மார் இருவரும் முகம் பார்த்துப் பேசுவதில்லை என்பதால், இந்த இரண்டு பெண்களும் அந்த இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவார்கள். செயலாளர் உள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "இலவம் பஞ்சுதான் நல்லதுக்கா, அமுங்கினாலும் தானா எழும்பிக்கும்" என்று மனைவியின் குரல் கேட்டது. மெத்தை விஷயம்தானே என்று விட்டுவிட்டார்.

இரண்டு நாள் கழித்து.

"சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு."

"அப்பச் சொல்லலாம். பள்ளிக்கூடத்துல பெற்றோர் சங்கத்துக்குத் தேர்தலாம்."

"நமக்கென்ன?"

"நமக்கு ஒண்ணுமில்ல. காதுல விழுந்துச்சு, சொன்னேன். தலைவர் பதவிக்கு ஒரே ஒருத்தர்தான் நிக்கிறாராம். போட்டியே இல்லையாம்."

"யாரு?"

"யாரா இருந்தா என்னங்க, நம்ம பசங்கதான் அங்க படிக்கலையே."

"யாருன்னு கேட்டேன்."

"பக்கத்து வீடு."

செயலாளர் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

"ஜன்னலா?"

"இந்தத் தடவை கதவு வழியாத்தான் வர்றாராம்."

"சங்கம்ங்கிற சொல்லை அவன் வாயால சொல்லலாமா? அதுக்குத் தலைவர் வேறயா? போட்டியில்லாமலா? நான் நிக்கிறேன்!"

"எப்படி நிப்பீங்க? அங்க படிக்கிற பிள்ளைங்களோட பெத்தவங்கதான் நிக்க முடியும்."

இளையவன் ஏழாம் வாய்ப்பாட்டை நிறுத்தினான். பெரியவள் மூச்சை நிறுத்தினாள்.

"நாளைக்கே பசங்களைச் சேர்த்துடு," என்றார் செயலாளர்.

"ஐயையோ! அந்த அஞ்சு அநீதி?"

"உள்ள போய்க் கேக்குறேன்."

"பின்வாங்கிட்டீங்கன்னு யாராவது சொன்னா?"

"இது பின்வாங்கல் இல்ல. ஊடுருவல்."

"அப்படியா? எனக்கு வித்தியாசம் தெரியலீங்க. சரி, சேர்க்கைப் படிவத்துல யாரு கையெழுத்துப் போடுறது?"

"சபதம் சபதம்தான். நீயே போடு."

"யோசிச்சுச் சொல்லுங்க. பின்னால ஏதாவது..."

"நான் ஒரு சொல் சொன்னா, அதை மாத்தி நீ பாத்திருக்கியா?"

"பாத்ததில்லைங்க," என்றாள் மனைவி. அது உண்மைதான்.

மறுநாள் காலை பெரியவள் அலமாரிக்கு மேலிருந்து பள்ளிப்பையை எடுத்தாள். இத்தனை நாள் கிடந்த பையில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. தினமும் யாரோ துடைத்திருக்கிறார்கள். செயலாளர் அதைக் கவனித்தார். கவனிக்காததுபோல் இருந்துகொண்டார். ஆனால் வாசல் வரைக்கும் பையை அவரேதான் தூக்கிக்கொண்டு போனார்.

பிரசாரம் சூடுபிடித்தது. ஜன்னல் ஓட்டுக்கு ஒரு சின்னத் தலையணை என்று அறிவித்தார். செயலாளர் ரோஸ் காகிதத்தில் பதிலடி கொடுத்தார்: 'தலையணை தருபவன் உன்னைத் தூங்க வைக்க வருகிறான்!' எழுத்து நன்றாக இருந்தது. தலையணையும் நன்றாக இருந்தது. பெற்றோர் பலர் துண்டுப்பிரசுரத்தைப் பாராட்டி வாங்கி மடித்துவைத்துக்கொண்டு, தலையணை எப்போது வரும் என்று கேட்டார்கள். மக்களைப் பற்றிச் செயலாளருக்கு ஏற்கெனவே சில அனுபவங்கள் உண்டு. வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

மனைவி தட்டு வைத்தாள். சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"மெத்தைக்கடை அக்கா பேச்சுவாக்குல ஒண்ணு சொன்னாங்க. அவங்க பசங்களைப் பள்ளியில சேர்த்த அன்னைக்கு அவர் பஞ்சு எடுக்க வெளியூர் போயிருந்தாராம். கையெழுத்தெல்லாம் அக்காதான் போட்டாங்களாம்."

"அதனால?"

"அதனால ஒண்ணுமில்ல. அக்கா பேச்சுன்னா அப்படித்தான், முன்னுக்குப் பின்னா வரும்."

செயலாளரின் கண்கள் விரிந்தன. பணிமனை நாள்களில் விரிந்ததுபோல் விரிந்தன. பேனாவை எடுத்தார். மனு ஒரே மூச்சில் வந்தது: 'பள்ளிப் பதிவேட்டில் பொறுப்பாளராகக் கையெழுத்திட்டவர் மட்டுமே சங்கத்தில் பதவிக்குப் போட்டியிடலாம். எக்காரணம் கொண்டும் எவருக்கும் விலக்கு இல்லை.'

மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். எந்தக் கிறுக்கலையும் படிக்கிறவளுக்கு இது என்ன பெரிய விஷயம். "இவ்வளவு கடுமையா வேணுமாங்க? எவருக்கும்னு வேற போட்டிருக்கீங்க."

"விதின்னா கடுமையாத்தான் இருக்கணும். ஒரு ஓட்டை விட்டோம்னா அது வழியா ஜன்னல் வந்துடும்."

"ஒரு தடவை யோசிச்சுட்டு..."

"யோசிச்சாச்சு!"

"சரிங்க. நான் சொல்றதைச் சொல்லிட்டேன்."

அதிசயம் நடந்தது. இந்த மனுவுக்கு உடனே பதில் வந்தது. 'தங்கள் மனு முழுமையாக ஏற்கப்பட்டது.' வாழ்நாளில் அவர் கொடுத்த எத்தனையோ மனுக்களில் முழுமையாக ஏற்கப்பட்டது இது ஒன்றுதான். மேலே மறுபடியும் 'அன்புள்ள அம்மா' என்றிருந்தது. "இந்த எழுத்தர் இன்னும் திருந்தலை," என்று பெருந்தன்மையோடு சிரித்துக்கொண்டார்.

அடுத்த பருவம் தொடங்கிய வாரம், பள்ளியின் பெரிய கூடத்தில் கூட்டம். பெஞ்சுகளை ஓரம் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். மேடையில் தலைமையாசிரியை, தேர்தலை நடத்த வந்த அதே மெலிந்த கல்வி அலுவலர், அவர்களுக்கு நடுவில் அந்த மணி. பின்வரிசையில் பிள்ளைகள். செயலாளர் இஸ்திரி போட்ட சட்டையில், வெற்றி உரையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார். அந்தக் கோடியில் ஜன்னல், தலையணை மூட்டையோடு.

அலுவலர் விதியை வாசித்தார். "சிறப்பான விதி. கொண்டுவந்த ஐயாவுக்கு நன்றி," என்றார். செயலாளர் எழுந்து வணங்கினார். அலுவலர் பதிவேட்டைப் புரட்டி மெத்தைக்கடைக்காரரைப் பார்த்தார். "உங்க பிள்ளைங்களுக்கு அம்மாதான் கையெழுத்துப் போட்டிருக்காங்க. நீங்க நிக்க முடியாது."

ஜன்னல் தலையணை மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். செயலாளர் எழுந்து நின்று கைதட்டினார். அத்தனை வருடக் கணக்கு அந்தக் கைதட்டலில் இருந்தது.

"அடுத்த வேட்பாளர்," என்றார் அலுவலர். பக்கம் புரண்டது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இங்கயும் அம்மா கையெழுத்துதான்."

கைதட்டல் நின்றது.

"ஐயா, அது... அது என் சபதம்..."

"விதியில சபதத்துக்கு இடம் இல்லையே. எக்காரணம் கொண்டும்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

"எழுதினேன். ஆனா அது..."

"பேச்சுவார்த்தைக்கு உட்பட்டது!" என்று பின்வரிசையிலிருந்து இளையவன் குரல் கொடுத்தான். அப்பாவுக்கு ஆதரவாகத்தான் கொடுத்தான். கூடம் சிரித்து ஓய்வதற்கு வெகுநேரம் ஆயிற்று.

வேறு யாராவது உண்டா என்று அலுவலர் கேட்டார். ஜன்னலின் மனைவி எழுந்தாள். அவள் பேச்சு அன்றைக்கு முன்னுக்குப் பின்னாக வரவில்லை. மருந்துக்கடைத் தங்கச்சியின் பெயரை முன்மொழிகிறேன் என்று தெளிவாகச் சொல்லி உட்கார்ந்தாள். தலைமையாசிரியை வழிமொழிந்தார். எதிர்ப்பு இல்லை. பெற்றோர் சங்கத்தின் தலைவர் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று அலுவலர் அறிவித்தார்.

முதலில் கைதட்டியது செயலாளர். பழக்கம். ஒரு தலைவர் பெயரை மேடையில் அறிவித்தால் அவர் கைகள் அவரைக் கேட்பதில்லை.

மனைவி மேடையேறி உட்கார்ந்தாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இழுத்துக்கொண்டாள். செயலாளருக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்தார்.

"ஒழுங்குப் பிரச்சினை!"

"சொல்லுங்க. ரெண்டு நிமிஷம்," என்றாள் தலைவர்.

"உலகெங்கும் உள்ள பெற்றோர்களே! ஒடுக்கப்பட்ட கணவன்மார்களே! வரலாறு நெடுக..."

டிங்.

செயலாளர் உட்கார்ந்தார். யாரோ பின்னாலிருந்து அவர் தோளைத் தொட்டார்கள். பெரியவள். விரல் நுனியெல்லாம் ஆய்வகச் சாயம்.

"இது துரோகம்," என்றார் செயலாளர் அவளிடம், வாய்க்குள்.

"அதுல ரெண்டு கருத்து இருக்குப்பா," என்றாள் அவள்.

அவர் மகளின் சாயம் படிந்த விரல்களைப் பார்த்தார். வெற்றி உரையை இன்னும் இறுக்கமாகச் சுருட்டினார்.

மேடையில் தலைவர் தொடர்ந்தாள். "முதல் தீர்மானம். வாசல்ல காத்து நிக்கிற பெற்றோருக்கு ஒரு கூரை. இதை ரொம்ப நாளைக்கு முன்னாலயே ஒருத்தர் மனுவா கொடுத்திருக்காரு. பதில் கிடைக்காம போச்சு. இன்னைக்குக் கிடைக்கணும்."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. தலைமையாசிரியையின் கையும் உயர்ந்தது. செயலாளர் கண்ணில் ஏதோ விழுந்ததுபோல் துடைத்துக்கொண்டார். இரண்டே நிமிடத்தில் ஒரு கோரிக்கை நிறைவேறி அவர் பார்த்ததில்லை.

"வர்ற ஞாயிற்றுக்கிழமை நாமளே போட்டுடலாம்," என்றாள் தலைவர். "வேலைக்கு ரெண்டு பேர் போதும். யாரும் எங்கயும் கையெழுத்துப் போட வேண்டாம். பேர் வாசிக்கிறேன், அப்புறம் இல்லைன்னு சொல்லக் கூடாது, இங்க இருக்குற எல்லாரும் சாட்சி. மேல ஏறுறவர், மெத்தைக்கடை அண்ணன். ஏறி இறங்கி அவருக்குப் பழக்கம் உண்டு."

ஜன்னல் தலையைக் குனிந்துகொண்டார். செயலாளர் அன்றைய தினத்தில் முதல்முறையாகச் சத்தம்போட்டுச் சிரித்தார். தலைவர் அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தாள், சாப்பாடு முடியக் காத்திருப்பதுபோல. பிறகு கண்ணாடிக்கு மேலாக அவரையே பார்த்தபடி, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி வாசித்தாள்:

"கீழே நின்னு ஏணியைப் பிடிக்கிறவர், செயலாளர்."